நவமியில் விலகாத கடல்: சேலத்திலிருந்து கிராபிக்குப் போன குழுச் சுற்றுலா

தாய்லாந்தின் தென்பகுதியில் அந்தமான் கடலை ஒட்டி நீளும் கிராபி மாகாணத்துக்கு, சேலத்தில் இயங்கும் ஒரு சுற்றுலா முகவர் வழியாக, தைப்பூசம் கழிந்த மறுவாரத்தில் குடும்பத்துடன் போய்வந்தோம். என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், 74 வயதான என் அத்தை, நான் என நால்வர். எங்களோடு அம்மாபேட்டை, ஓமலூர், ஆத்தூர் எனப் பல இடங்களிலிருந்தும் சேர்ந்த 22 பேர். விமானக் கட்டணம், தங்குமிடம், காலை உணவு, இரண்டு நாள் படகுப் பயணம் எல்லாம் சேர்த்து, நான்கு இரவு ஐந்து பகலுக்குத் தலைக்கு 58,500 ரூபாய். முகவரின் பெயரை எழுதப் போவதில்லை. இதே பயணத் திட்டத்தை வேறு வேறு அட்டை போட்டு நம் ஊரில் பலரும் விற்கிறார்கள் என்பது திரும்பி வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஆகையால் இது அந்தத் திட்டத்தைப் பற்றிய மதிப்பீடு என்றே வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு முழு மதிப்பெண் தருகிறேன். ஏற்பாட்டுக்குப் பாதிக்கு மேல் தர மனம் வரவில்லை.

பயணத் தேதியைச் சொன்னபோதே அத்தை நாள்காட்டியைப் புரட்டி, நடுவில் அஷ்டமியும் நவமியும் வருகின்றன என்று முகம் சுளித்தார். அந்த வாரத்துக்கு மட்டும் தலைக்கு 4,000 ரூபாய் குறைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் அந்த நாட்களில் யாரும் கிளம்ப மாட்டார்கள் என்பதால்தான் குறைத்தார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். பகுத்தறிவின் பெயரால் நானும் கணவரும் அத்தையைச் சமாதானம் செய்து, அந்தத் தள்ளுபடியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம். இதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து கிராபிக்கு நேர்வழி கிடையாது. இரவு பேருந்தில் ஏற்றி, விடியலில் சென்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பாங்காக்குக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என இரண்டு விமான நிலையங்கள் உண்டு. சென்னை விமானம் முதலாவதில் இறங்க, கிராபி விமானத்துக்கு இரண்டாவதிலிருந்து சீட்டு எடுத்திருந்தார்கள். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, 26 பேரும் பெட்டி படுக்கையோடு நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. விமானம் தவறவில்லை, ஆனால் அத்தை கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறுதான் அன்றைய மதிய உணவாயிற்று, அதுவும் வேனுக்குள். இரண்டு விமானங்களும் ஒரே நிலையத்தில்தானா என்று சீட்டு எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்து, அந்தச் சலுகையை நீட்டித்து வந்திருக்கிறது. 2025 மே 1 முதல், நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டை ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. எங்களிடம் 'ஆவணச் செலவு' என்று தலைக்கு 600 ரூபாய் வாங்கியிருந்தார்கள். என் மகன் வரிசையில் நின்றபடியே அந்தத் தளத்தைத் திறந்து, பத்து நிமிட வேலை என்று காட்டியபோது, பக்கத்தில் நின்ற ஆத்தூர்க்காரர் ஒருவர், “ஆறு பேருக்கு 3,600 கொடுத்தேன் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கிராபி விமான நிலையத்திலிருந்து ஆவ் நாங் கடற்கரைக்குப் போகும் சாலையின் இருபுறமும் எண்ணெய்ப் பனையும் ரப்பரும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே, முன்னறிவிப்பே இல்லாமல், தரையிலிருந்து செங்குத்தாகக் குன்றுகள் எழுகின்றன. ஏற்காட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது பழக வெகுநேரம் ஆகிறது. நம் சேர்வராயன் மலை, 20 கொண்டை ஊசி வளைவுகளில் நம்மை மெல்ல மேலே கொண்டுபோகும், சார்னோக்கைட் என்னும் கடினமான பாறை. எவ்வளவு மழை பெய்தாலும் அது கரைவதில்லை. கிராபியின் குன்றுகள் சுண்ணாம்புக்கல். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன், பெர்மியன் காலக் கடலின் அடியில் சிப்பியும் பிற கடலுயிர்களின் ஓடும் படிந்து இறுகிய கல் அது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்த மழைநீர், அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கரைத்துக் கரைத்துக் குகையாக்குகிறது. கூரை விழுந்தால் பள்ளமாகிறது. கடல் ஏறிப் பள்ளங்களை மூழ்கடித்தபின் மிஞ்சிய முகடுகளே தீவுகள். கடலில் நிற்கும் ஒவ்வொரு பாறையின் காலடியிலும், ஆள் உயரத்துக்கு உட்பக்கம் குடைந்தாற்போல ஒரு வளையம் ஓடுவதைப் பார்க்கலாம். அலையும் கல்லை அரிக்கும் கடலுயிர்களும் சேர்ந்து செய்த வேலை அது. தண்ணீர் எதுவரை ஏறும், எதுவரை இறங்கும் என்பதை அந்தப் பாறையே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் முகவர் அதைப் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் ஓதத்துக்கு, அதாவது கடல் ஏறி இறங்குவதற்கு, படம் போட்டுக் காட்டுகிற நானும் படிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் பீ பீ தீவுகள். நொப்பரத் தாரா படகுத்துறையில் விசைப்படகில் ஏறும் முன், தேசியப் பூங்காக் கட்டணம் என்று வெளிநாட்டவருக்குத் தலைக்கு 400 பாட் கேட்டார்கள். ஒரு பாட் அப்போது மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு; நால்வருக்கு 1,600 பாட் என்றால் நான்காயிரம் ரூபாய்க்கு மேல். 'அனைத்தும் உட்பட' என்ற சொல்லுக்குள் இது அடங்காதாம். உடன் வந்த வழிகாட்டி அதைச் சொன்ன பாவனையில் அவருக்கும் கூச்சம் இருந்தது தெரிந்தது.

அந்தத் தீவுகளில் ஒன்றிலுள்ள மாயா விரிகுடாவின் அழகைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதை முகவர் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் தாங்காமல் பவளம் அழிந்ததால் 2018 ஜூனில் அந்த விரிகுடாவை மூடி, 2022 ஜனவரி 1 அன்றுதான் மீண்டும் திறந்தார்கள். இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூடிவிடுகிறார்கள். படகுகள் விரிகுடாவுக்குள் வரக்கூடாது. தீவின் பின்பக்கம் இறக்கிவிட, மரப்பாதையில் நடந்து வர வேண்டும். நீந்தக் கூடாது, காலை நனைக்கலாம். எங்கள் அட்டவணையிலோ 'மாயா விரிகுடாவில் நீச்சல்' என்று அச்சாகியிருந்தது. நீச்சல் உடையோடு இறங்கிய எங்கள் குழுப் பையன்கள் இருவரைக் காவலர் ஊதல் ஊதிக் கரையேற்றினார். அதே இடத்தில், கணுக்கால் ஆழத்துக்குச் சற்று அப்பால், துடுப்பு நுனியில் மை தொட்டாற்போலக் கறுத்த சுறாக்குட்டி ஒன்று நிதானமாகக் குறுக்கே போயிற்று. நீச்சல் போனது பற்றிய வருத்தம் பையன்களுக்கு அத்தோடு தீர்ந்தது.

வைக்கிங் குகையையும் 'பார்வையிடல்' என்று போட்டிருந்தார்கள். உழவாரன் குருவிகளின் கூடுகளை எடுப்பவர்களின் மூங்கில் சாரம் வாயிலிலேயே தெரியும் அந்தக் குகைக்குள் யாரையும் விடுவதில்லை. படகு வேகம் குறைந்து, மூன்று நிமிடம் நின்று, கிளம்பிவிடும். கடல்சார் தேசியப் பூங்காக்களில், பவளத்துக்குக் கெடுதல் செய்யும் சில வேதிப்பொருள்கள் கலந்த வெயில் களிம்புகளுக்கு 2021 முதல் தடை இருக்கிறது. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம். இதையும் துறையில் வைத்திருந்த பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இனி நவமிக்கு வருகிறேன். இரண்டாம் நாள், நான்கு தீவுப் பயணம். முகவரின் விளம்பர அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த படமே இதுதான்: தப் தீவுக்கும் பக்கத்துப் பாறைத் தீவுக்கும் கோழித் தீவுக்கும் நடுவே கடல் இரண்டாக விலகி, வெள்ளை மணல் பாதையாக எழும்பி நிற்கும் 'தலே வேக்'. தீவிலிருந்து தீவுக்கு நடந்து போகலாம் என்ற ஒரே ஆசையில்தான் அத்தை இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார். ராமாயணத்துச் சேதுவை நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் போய் நின்றபோது மணல் தண்ணீருக்கு அடியில் இருந்தது. தெளிந்த நீரில், வெள்ளை வெளேரென்று, முழங்கால் ஆழத்தில் பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது, நடக்கத்தான் முடியவில்லை. இழுப்பு பக்கவாட்டில் இருந்ததால் காலை எடுத்து வைத்தால் நகர்த்திவிட்டது. படகோட்டி அரைமணி நேரம் காத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வற்ற வேண்டிய நேரத்தில் வற்றித்தான் இருக்கிறது, இன்றைக்கு இவ்வளவுதான் வற்றும் என்பது அவர் சொன்னதன் சாரம். காரணம் எளிது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் அதிகம் ஏறி, அதிகம் வற்றுகிறது. அஷ்டமியை ஒட்டி அவை இரண்டும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் இழுப்பை மற்றொன்று குறைப்பதால், ஏற்றமும் குறைவு, வற்றலும் குறைவு. அதன் விளைவு ஓரிரு நாள் பிந்தி, நவமி தசமியில்தான் நன்றாகத் தெரியும். தலே வேக் முழுதாக எழும்புவது அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னுமான சில நாட்களில்தான். ஆக, சேலத்தில் யாரும் கிளம்பாத நாள் என்று விலை குறைத்து விற்ற அதே நாளில், கடலும் வழிவிட மறுத்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

அன்றைய நாளைக் காப்பாற்றியது பிரா நாங் கடற்கரை. ரைலே முனையில், செங்குத்துப் பாறைகள் நிலத்திலிருந்து அடைத்துவிட்டதால் படகில் மட்டுமே போகக்கூடிய இடம் அது. நீள்வால் படகு, அதாவது வண்டி எஞ்சினில் நீண்ட தண்டைப் பொருத்தி அதன் நுனியில் சுழலி வைத்த மரப்படகு, கரையில் வந்து தட்டாது. தொடைவரை நீரில் இறங்கி நடந்து, பக்கவாட்டில் தொங்கும் சிறு ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். அத்தை கண்டாங்கிச் சேலையைக் கச்சம் போலத் தூக்கிச் செருகிக்கொண்டு, படகின் முகப்பில் கட்டியிருந்த பூமாலையையும் வண்ணத் துணிகளையும் ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார். அந்தத் துணிகள் படகைக் காக்கும் பெண் தெய்வத்துக்குக் கட்டுபவை என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

கடற்கரையின் கோடியில் ஒரு சிறு குகை. உள்ளே ஊதுபத்திப் புகை, மாலை, விளக்கு. அவற்றைச் சுற்றி, விரல் அளவிலிருந்து ஆள் உயரம் வரை, சிவப்புச் சாயம் பூசிய மரத்தாலான ஆண்குறிகள் நூற்றுக்கணக்கில். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து நுழைந்து பழகிய அத்தை, இங்கேயும் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே வந்து, நிமிர்ந்து பார்த்து, “இது சிவன் கோயிலா கண்ணு?” என்றார். எங்கள் குழுவில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கடலில் மாண்ட இளவரசி ஒருத்தியின் ஆவி இங்கே வசிக்கிறது என்றும், மீன்பாடு வேண்டியும் பத்திரமாகக் கரை திரும்ப வேண்டியும் மீனவர்கள் இவற்றைச் செய்து வைக்கிறார்கள், பிள்ளை வரம் கேட்டு வருபவர்களும் உண்டு என்றும் வழிகாட்டி விளக்கினார். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நம்மூர்ல மரத்துல தொட்டில் கட்டுறாங்கல்ல, அந்த மாதிரிதான்” என்று சொல்லிக் கும்பிட்டார். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் சங்கடப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

மூன்றாம் நாள் கடைவீதிக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் நால்வரும் குழுவிலிருந்து விலகி, விடுதி வரவேற்பறையில் சொல்லி வண்டி ஏற்பாடு செய்துகொண்டு, வடக்கே ஆவ் லூக் பக்கம் போனோம். இந்தப் பயணத்தில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் நாள் அதுதான். அது முகவரின் அட்டவணையில் இல்லாத நாள். போ தோ படகுத்துறையில் இருவருக்கு ஒன்றாக இரண்டு துடுப்புப் படகுகள், ஓர் உள்ளூர் இளைஞர் வழிகாட்டி. அலையாத்திக் காட்டுக்குள் கால்வாய் வளைந்து வளைந்து போய், ஒரு குன்றின் அடிவயிற்றுக்குள் நுழைகிறது. அதுதான் தாம் லாட், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும் நீர்க்குகை.

கிளம்பும் முன் அந்த இளைஞர் வானத்தைக் காட்டி, விரல்களை மடக்கி எண்ணி, இரண்டு கைகளையும் விரித்துப் பத்து என்று காட்டினார். தேய்பிறையில் எத்தனையாவது நாள் என்று கணக்குப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிவதற்குள், அத்தை தானும் இரண்டு கைகளையும் விரித்து, “தசமி” என்றார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். நீர் மிகவும் ஏறும் நாட்களில் கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே தலை நுழைய இடம் இருக்காதாம். இன்றைக்கு வசதி என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் மூக்கு நுனிக்கு ஒரு சாண் உயரத்தில் கடந்து போயின. அவற்றின் நுனியில் ஒரு சொட்டு நீர் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றது. கை எட்டும் உயரத்தில் பாறையெல்லாம் சிப்பி ஒட்டிக் கிடந்தது. நாங்கள் மல்லாந்து படுத்துக் கடந்துகொண்டிருந்த இடம் மற்ற நாட்களில் தண்ணீருக்குள் இருக்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பக்கத்திலேயே தாம் பீ ஹுவா தோ, பெருந்தலைப் பேய்க் குகை. முன்பு அங்கே கிடைத்த பெரிய மண்டையோட்டால் வந்த பெயர் என்கிறார்கள். படகைக் கட்டிவிட்டுப் படியேறினால், தரையில் பழங்காலத்துச் சிப்பிக் குவியலும், சுவரில் வரலாற்றுக்கு முந்தைய மக்கள் சிவப்பிலும் கறுப்பிலும் தீட்டிய ஓவியங்களும் இருக்கின்றன: மனிதர், மீன், கை. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் மட்டும்தான் அங்கே விளக்கு. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. விடுதியின் காலை உணவு ரொட்டி, பழம் என்ற அளவில் குறையில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் 'காய்கறி' என்று கேட்டால் போதாது. மீன் சாறும் இறால் விழுதும் காய்கறியிலும் விழும். 'ஜே' என்று ஒரு சொல் இருக்கிறது. மஞ்சள் துணியில் சிவப்பில் அந்த எழுத்தைப் போட்டுத் தொங்கவிட்ட கடைகளில் முட்டை, பால்கூட இல்லாத சைவம் கிடைக்கும். கிராபியில் முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அவர்கள் தெருவோரம் வீசிப் போடும் ரொட்டி நம் பரோட்டாவின் மெலிந்த தம்பி, அதில் வாழைப்பழம் வைத்து மடித்ததை என் மகன் தினமும் இரண்டு தின்றான். மஸ்ஸமன் குழம்பு நம் குருமாவை நினைவூட்டும், தேங்காய்ப்பால் தூக்கல்.

விடுதி 'கடலோரம்' என்று விற்கப்பட்டது; கடலுக்கு இருபது நிமிட நடை. அறை சுத்தம், அதனால் விட்டுவிடுகிறேன். கடைசி நாள் காலை புலிக் குகைக் கோயில். உச்சிக்கு 1,200க்கும் மேற்பட்ட படிகள், பல படிகள் முழங்கால் உயரம், குரங்குகள் பையைப் பிடுங்குகின்றன. 'எளிதான நடை' என்று அட்டையில் இருந்ததை நம்பி ஏறிய என் கணவர் சேலம் வந்தும் மூன்று நாள் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்கினார். அத்தையும் நானும் கீழேயே, துறவிகளின் குடில்கள் இருக்கும் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தோம். பெரிய மரங்களும் நிழலுமாக அந்தப் பகுதியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஊர் திரும்பிய மறுவாரம் முகவரின் அலுவலகத்துக்குப் போய்க் குறைகளை எழுதிக் கொடுத்தேன். அத்தையும் உடன் வந்தார். வருகை அட்டைக்கு வாங்கிய 2,400 ரூபாயை வாதம் செய்யாமல் திருப்பிக் கொடுத்தார்கள்; பூங்காக் கட்டணத்துக்கு மட்டும் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். மணல் பாதை எழும்பாததைப் பற்றிக் கேட்டதற்கு, அங்கிருந்த இளைஞர் பணிவாகத்தான் பதில் சொன்னார்: “அது இயற்கைங்க மேடம், நம்ம கையில என்ன இருக்கு?” அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தினசரி நாள்காட்டி தொங்கியது. அத்தை அதைக் கை காட்டி, “அதுல போட்டிருக்குதே தம்பி” என்றார். அவர் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்ச் சில தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த குழு பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிக் கிளம்புகிறது என்று இப்போது விளம்பரம் வந்திருக்கிறது. அதே படம்தான் போட்டிருக்கிறார்கள். கட்டணம் 64,000 ரூபாய்.